அம்மன் வண்டிக்கு டர்போ போட்ட விவரம்

பெக்கான் நானாஸ்,
திருவிழா முடிந்த வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி சதாசிவத்துக்கு, உடன்பிறந்த அக்காள் பேச்சியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மெர்சிங்கில் நீயும் யோகேஸ்வரியும் பிள்ளைகளும் உன் மீன்பிடிப் படகும் அம்மன் அருளால் சுகமாக இருக்க வேண்டும். அடுத்த வரியில் 'இங்கு நாங்களும் அவ்வாறே' என்று எழுத வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் கடிதம் எழுதும் முறையை நான் மறக்கவில்லை. ஆனால் இங்கு நாங்கள் அவ்வாறு இல்லை, பொய் எழுத அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவும் இல்லை.

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் யோகேஸ்வரி அதைச் சத்தமாகப் போட்டுவிட்டு மீன் கழுவுவாள், மெர்சிங் படகுத்துறை ஜெட்டி முழுக்க என் மானம் போகும். கடிதம் என்றால் நீ வாயை மூடிக்கொண்டு கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். படி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் ஒரு லாரியோடு வந்து, உன் மச்சான் வாங்கி ஓட்டிய பிக்கப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. அம்மன் ரதத்தை இழுக்கும் உரிமையை நான் வீரமுத்துவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆமாம், மேட்டு வீட்டில் இருக்கிற அதே வீரமுத்துதான். ஊர் பார்க்க, என் வாயால், நானே விட்டுக்கொடுத்தேன். இனி அந்தக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். உன் வீட்டில் பின்னறை காலியாக இருந்தால் சொல், நானும் அந்த லாரியிலேயே ஏறி வந்துவிடுகிறேன். இவ்வளவுக்கும் காரணம் நீ. எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன்.

அந்த உரிமை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டியபோது கோயிலையும் பெயர்த்து ரோட்டோரம் கொண்டுவந்து வைத்தார்கள். மாடுகள் போய்விட்டன, ரதத்தை யார் இழுப்பது என்று கூட்டம் கூடிப் பேசிக்கொண்டிருக்கையில், உன் மச்சான் அன்னாசி ஏற்ற வாங்கிய புதுப் பிக்கப்பைக் கொண்டுபோய் அம்மன் முன்னால் நிறுத்தி, "என் வண்டி இருக்கு, இழுக்கட்டும்"னு சொன்னாரு. அன்றைக்குப் பிடித்து ஒவ்வொரு சித்திரைத் திருவிழாவிலும் அம்மனுக்கு முதல் மாலை, எங்கள் வண்டிக்கு இரண்டாம் மாலை, எனக்கு மூன்றாம் மாலை. அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. நான் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்க, என் பேரன் ரூபேந்திரன் ஓட்ட, பின்னால் அம்மன் வருவாள். யார் வீட்டில் கார் எத்தனை இருந்தாலும் அந்த ஒரு நாள் அவர்களெல்லாம் நடந்துதான் வரவேண்டும், நான்தான் உட்கார்ந்து போவேன். இதைப் பெருமை என்று சொல்வார்கள். சொல்லட்டும், பெருமைதான்.

ஆனால் வண்டிக்கு வயசாகிவிட்டது, ரதத்துக்கு வயசு குறைந்துகொண்டே வருகிறது. மரத்தேராக இருந்ததற்குக் கமிட்டிக்காரர்கள் இரும்புச் சட்டம் போட்டார்கள், அப்புறம் வெள்ளித் தகடு, அப்புறம் கலர் லைட்டு, லைட்டுக்கு ஜெனரேட்டர். இழுக்கிற எஞ்சின் மட்டும் அதே கிழட்டு டீசல். நம் ஊர்வலப் பாதையில் இருப்பது ஒரே ஒரு ஏற்றம், தண்ணீர்த்தாங்கி மேடு. போன வருஷம் அந்த மேட்டில் பாதி ஏறி எங்கள் வண்டி நின்றுவிட்டது. நின்றதோடு போகாமல் அம்மன் பின்னோக்கி வர ஆரம்பித்துவிட்டாள். எல்லோரும் பாய்ந்து கை கொடுத்துத் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீரமுத்து என் கதவோரம் குனிந்து, "என்னா பெரியம்மா, மூச்சு வாங்குறது அம்மனுக்கா, ஒங்க வண்டிக்கா?"ன்னு கேட்டான். அவனும் கை கொடுத்துத்தான் தள்ளினான், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

பிறகு கமிட்டிக் கூட்டம். வீரமுத்து எழுந்து, "தலைவரே, என்னோட புது நாலு கதவு வண்டி வீட்டுல சும்மாதான் நிக்குது. பெரியம்மா பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும் லா"ன்னான். ரெஸ்ட்டாம். நான் எழுந்து, "ஏண்டா, ஒன் வண்டி நேத்து பொறந்தது, அம்மன் மொகத்தையாச்சும் அது பார்த்திருக்கா?"ன்னு கேட்டேன். கோயில் தலைவர் மகேஸ்வரன் வாத்தியார் வேலை பார்த்தவர், இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்த வருஷம் எங்கள் வண்டி ஒரு ஆள் கைகூடப் படாமல் மேடு ஏற வேண்டும். ஏறினால் உரிமை எங்களுக்கே, இல்லையென்றால் வீரமுத்துவுக்கு. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வண்டியைக் கேட்டுவிட்டா சொன்னேன்?

புது வண்டிக்குக் காசு இல்லை, வேறு பெரிய எஞ்சினுக்கும் காசு இல்லை. ரூபேந்திரன் ஏர்கோன் மாட்டும் வேலை செய்பவன், கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை, எங்கள் வம்சம். போனில் என்னத்தையோ பார்த்துவிட்டு வந்து, "பாட்டி, இருக்குற எஞ்சினுக்கே டர்போ மாட்டிட்டா பாதி எஞ்சின் கூடக் கெடைச்ச மாதிரி"ன்னான். டர்போ என்றால் என்ன என்று இப்போது எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை வீணாகத்தானே போகிறது, அந்தப் புகையை வைத்து ஒரு காற்றாடியைச் சுற்றவைப்பது. அந்தக் காற்றாடி மறுபக்கம் இன்னொரு காற்றாடியைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அடைக்கும். காற்று அதிகமானால் டீசல் நன்றாக எரியும், எஞ்சினுக்குப் பலம் வரும். எனக்கு மனசில் ஒரு பயம் இருந்தது. அதனால்தான் உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "போடுக்கா! யோசிக்காத, போடு! என் போட்டுக்குப் போட்டேன், தியோமானுக்குப் பறக்குது!" இதைத்தானே சொன்னாய்? அடா, உன் படகு துறையை விட்டுப் புறப்பட்டால் தீவு போய்ச் சேரும்வரை ஒரே ஓட்டமாக ஓடும். அம்மன் அப்படியா? வீட்டுக்கு வீடு நின்று தேங்காய் வாங்கிக்கொண்டு, ஆளோடு ஆளாக நடந்துவருகிறவள். படகுக்காரனிடம் போய்த் தேருக்கு யோசனை கேட்டேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஹாஃப்கட் கடை. ஜப்பானில் ஓடி முடிந்த வண்டிகளைக் குறுக்கே பாதியாக வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள், மீன் மார்க்கெட்டில் தலையை மட்டும் வெட்டி வைத்த மாதிரி. கடைக்காரன் ஆ செங் நம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், தமிழ் நம்மைப் போலவே பேசுகிறான். ஒரு வேனின் முன்பாதியைக் காட்டி, "அம்மா, இத ஓட்டுனது ஒரு ஜப்பான் தாத்தா லா. மெதுவாத்தான் ஓட்டியிருக்காரு. டர்போ சுத்தவே இல்ல, அப்படியே புதுசு!"ன்னான். நானும் ரூபேந்திரனும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், நல்ல சாமான் அகப்பட்டது என்று. மெதுவாக ஓட்டினால் அது சுற்றாது என்று மனுஷன் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னான் தம்பி! கேட்கிற காது எங்களுக்கு இல்லை. விலையைக் குறைக்கிற மும்முரத்தில் இருந்தோம்.

டர்போ வாங்கியதோடு காசு முடிந்தது. அதை மாட்டுவதற்கு என்னென்ன வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் காற்றாடிக்கு ஓயாமல் எண்ணெய் போகவேண்டுமாம், அதற்குத் தனிக் குழாய் உண்டாம். ரூபேந்திரன் ஏர்கோன் வேலையில் மிஞ்சிய செம்புக் குழாயை வளைத்து மாட்டினான். போன எண்ணெய் திரும்பிவர எஞ்சினின் அடித்தொட்டியில் ஓட்டை போட்டான். காற்றுக் குழாய்க்கு நம் வாசல் கேட்டில் இருந்த சில்வர் கம்பிக் குழாய் போய்விட்டது. இப்போது யார் வந்தாலும் நம் வாசலில் நிற்கும் கேட் பல் போன வாய்போல் சிரிக்கிறது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் கசியாமல் வைக்கிற தகட்டை, பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, நம் மாச்சிக், ஹரிராயாப் பெருநாளுக்குக் கொடுத்த பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்தான். டர்போ கொடுக்கிற காற்று சூடாக வருமாம், அதைக் குளிரவைக்க ஒரு பெட்டி உண்டாம், அதற்குக் காசில்லை. ஏர்கோன் மாட்டுகிறவன் வீட்டில் குளிர்ச்சிக்குக் காசில்லை என்று நான் சொன்னதற்கு அவன் சிரிக்கவில்லை. சூடு வெளியே போகட்டும் என்று டர்போவுக்கு நேர் மேலே பானட்டில் வட்டமாக ஒரு ஓட்டை வெட்டிவிட்டான். உன் மச்சான் ஞாயிறு தவறாமல் மெழுகு போட்டுத் துடைத்த பானட். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெட்டிய மறுநாள் ஓட்டிப் பார்த்தோம். பொய் சொல்ல மாட்டேன் தம்பி, அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். நெடுஞ்சாலையில் ஏறி அவன் மிதிக்க மிதிக்க, பானட்டுக்குள் ஒரு விசில் கிளம்பிற்று, மெல்லியதாக ஆரம்பித்து உயர்ந்துகொண்டே போய்ச் சங்கு மாதிரி நின்றது. முதுகை யாரோ சீட்டோடு வைத்து அழுத்திய மாதிரி இருந்தது. பொந்தியான் பஸ்ஸை முந்தினோம். அன்னாசி வண்டியில் போய்ப் பஸ்ஸை முந்துவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. "அலமாக்!"னு கத்தினேன், பயத்தில் இல்லை. வருகிற வழியில் மார்க்கெட்டில் வீரமுத்து பெண்சாதி சந்திரமதியைப் பார்த்தேன். சும்மா வந்திருக்கலாம். "ஒன் வீட்டுக்காரர் வண்டியைத் தொடச்சு மூடி வைக்கச் சொல்லும்மா, வெயில் படாம இருக்கட்டும்"னு சொல்லிவிட்டு வந்தேன். ரதத்தைக் கட்டி, நடக்கிற வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பறக்கிற வண்டிக்கு நடக்கத் தெரியாதா என்று இருந்துவிட்டோம்.

திருவிழா வந்தது. வழக்கம்போல் வண்டிக்கு முன்னால் வாழை கட்டி, வேப்பிலை சொருகி, காற்று போகும் இடமெல்லாம் தென்னங்குருத்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். பூசாரி வந்து பானட்டு ஓட்டையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதைச் சுற்றி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, இரண்டாம் மாலையை அந்த ஓட்டையைச் சுற்றியே வட்டமாகப் போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேளம் தொடங்கிப் புறப்பட்டோம். கோயில் வாசலைத் தாண்டியதுமே ரூபேந்திரன் முகம் மாறிவிட்டது. "பாட்டி, டர்போ எந்திரிக்கல"ன்னான். "தட்டி எழுப்பு"ன்னேன். "மெதுவாப் போனா பொகை கம்மி பாட்டி, பொகை கம்மின்னா காத்தாடி சுத்தாது. வேகமாப் போனாத்தான் சுத்தும்." "இத இப்பத்தான் சொல்றியா?" "இப்பத்தான் பாட்டி எனக்கே தெரியுது." அப்படியே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிரித்த முகத்தோடு நின்று நின்று போனோம்.

அவன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. மேட்டுக்கு முன்னால் அதை எப்படியாவது எழுப்பிப் பார்க்கவேண்டும் என்று, ஒரு வாசலில் நிற்கும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டான். விசில் வந்தது. வந்ததோ இல்லையோ, கூட்டத்தில் நடந்துவந்த சந்திரமதிக்குச் சாமி வந்துவிட்டது! தலைமுடி அவிழ்ந்து, கண் சொருகி, மேளக்காரர்களே விலகி இடம் விடுகிற மாதிரி ஓர் ஆட்டம். ஊரில் இத்தனை பேர் விரதம் இருக்க, அம்மனுக்கு அவள் மேல்தானா வரவேண்டும்? பூசாரி எலுமிச்சம்பழத்தோடு ஓடிப்போய், "தாயே, என்னா வேணும்? சொல்லு தாயே!"ன்னு கேட்டார். அவள் என் வண்டியைக் கை நீட்டிக் காட்டி, "எனக்குப் புது வாகனம் வேணும்டா!"ன்னா. கூட்டமே திரும்பி வீரமுத்துவைப் பார்த்தது. அவன் கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மா உத்தரவு, நாம என்னா செய்ய முடியும்"ங்கிறான், வாயெல்லாம் பல். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தாயே, எந்தக் கம்பெனி, என்னா கலருன்னும் சொல்லிடு தாயே!"ன்னு கேட்டேன். சாமியைக் கேட்டது தப்புத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மயங்கி விழுந்தாள், அதுவும் அவள் தங்கச்சி மடியில் பார்த்து.

மேட்டடிக்கு வந்துவிட்டோம். மேலே தண்ணீர்த்தாங்கி, அதற்குக் கீழே வீரமுத்து வீடு, வாசலில் அவனுடைய நாலு கதவு வண்டி, அதற்கு அவன் ஏற்கெனவே மாலை போட்டு வைத்திருந்தான்! ரூபேந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "பாட்டி, நடந்தா ஏறாது. கீழேர்ந்து ஓட்டம் எடுத்தா டர்போ எந்திரிக்கும், ஏறிடும். இல்லன்னா விட்ருவோம், நீங்க சொல்லுங்க"ன்னான். சொல்லவேண்டியது நான்தான். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், அம்மன் முகம் தெரிந்தது. மேலே பார்த்தேன், அந்த மாலை தெரிந்தது. "போடு"ன்னு சொல்லிட்டேன். தம்பி, அவன் போட்டான். விசில் கிளம்பியது. முன்னால் போய்க்கொண்டிருந்த உறுமி மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு அடித்த அடியோடு ஓட ஆரம்பித்தார்கள். பால்குடம் எடுத்த பெண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். ரதத்தில் நின்ற பூசாரி தூணைக் கட்டிக்கொண்டு, "டேய்! டேய்! டேய்!"னு கத்திக்கொண்டே வந்தார், மந்திரம் எல்லாம் மறந்துபோய்விட்டது. மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் வாசலில் தட்டோடு கற்பூரம் ஏற்றிக் காத்திருந்தார்கள். அம்மன் அவர்களைக் கடந்து ஒரே மூச்சில் போய்விட்டாள். தட்டு நீட்டின கை நீட்டினபடியே நின்றது. யாரும் தள்ளவில்லை, தள்ளுவதற்கு யாரும் எட்டவும் இல்லை. ஏறிவிட்டோம்! வீரமுத்து வீட்டு வாசலில், அவன் வண்டிக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உன் மச்சானை நினைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட நிலைக்கவில்லை.

அம்மன் வாசலுக்கு வந்தால் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். சக்கரத்தில் ஊற்றுவார்கள், காலில் ஊற்றுவார்கள். வீரமுத்து வீட்டுப் பெண்கள் குடம் குடமாக வைத்துக்கொண்டு நின்றார்கள். வண்டி வந்த வேகத்தில் மிரண்டுபோய் நின்றவர்கள், பானட்டைப் பார்த்தார்கள். மாலை போட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நட்ட நடுவில் ஒரு ஓட்டை. நம் ஜனத்திடம் அப்படி ஒன்றைக் காட்டினால் என்ன செய்யும்? பயபக்தியோடு ஊற்றும். ஊற்றினார்கள். உள்ளே டர்போ நெருப்பாகச் சிவந்து கிடக்கிறது. "ஐயோ, அதுல வேணாம்!"னு ரூபேந்திரன் கதவைத் திறப்பதற்குள், குளிர்ந்த மஞ்சள் தண்ணீர் ஒரு குடம் நேராக உள்ளே போய், 'டமார்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடைத்தார்கள் என்று நினைத்துக் கூட்டத்தில் பாதிப்பேர் "ஓம் சக்தி!"ன்னாங்க. ஓட்டையிலிருந்து வெள்ளைப் புகை மாலைக்கு நடுவில் சாம்பிராணி மாதிரி எழுந்தது. அதையும் கும்பிட்டார்கள். இரும்புக் கூடு இரண்டாகப் பிளந்துவிட்டது. செம்புக் குழாயும் விட்டுப்போய் எண்ணெய் வீரமுத்து வீட்டுக் கோலத்தில் வழிந்தது. எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது.

அதற்குள் பின்னால் ஓடிவந்தவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். மேட்டு வீட்டுக்காரர்கள் தட்டோடு வந்து கத்துகிறார்கள், அர்ச்சனை இல்லாமல் அம்மனைக் கடத்திக்கொண்டு போய்விட்டேனாம். பூசாரி கீழே இறங்கி மண்ணில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைவர் வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஏறினது ஏறினதுதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா பேச்சியம்மா, அம்மன் ஓடலாமா?"ன்னு கேட்டார். யாராவது திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது வரும். அவர் மெதுவாகக் கேட்டுவிட்டார். எங்கள் வண்டிச் சாவியை உருவி எடுத்து, என் மடித் தாம்பாளத்தில் வைத்து, கொண்டுபோய் வீரமுத்து கையில் கொடுத்துவிட்டேன். "நீயே இழுத்துக்கப்பா. எங்க முறை முடிஞ்சிருச்சு"ன்னேன். செத்த வண்டியைக் கழற்றி ஓரத்தில் தள்ளிவிட்டு, அவனுடைய வண்டியைக் கட்டி அம்மனை மெதுவாகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் அன்றைக்குத்தான் முதல்முதலாக அம்மனுக்குப் பின்னால் நடந்து போனேன். வழியெல்லாம் எண்ணெய், மஞ்சள், மிதிபட்ட பூ.

இப்போது வீட்டு நிலவரம் கேள். ரூபேந்திரன் உடைந்த கூட்டைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "ஒட்டிடலாம் பாட்டி"ங்கிறான். ஒன்றும் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்னாசிக் கடைக்குச் சரக்கு ஏற்ற வண்டி இல்லை, பக்கத்து வீட்டு மாச்சிக் மகனிடம் வண்டியை இரவல் கேட்டு ஏற்றுகிறேன். நான் கடை திறந்தால் வருகிறவர்கள் பழத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். உன் மச்சான் கொடுத்துவிட்டுப் போன ஒரே ஒரு மரியாதையை, ஒரே ஒரு மேட்டில், நானே ஏற்றிக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டேன். இதற்கு மேல் இந்த ஊரில் எனக்கு என்ன இருக்கிறது. லாரியைக் கொண்டுவா. ரூபேந்திரனிடம் டர்போ பேச்சு எடுக்காதே. உன் படகுப் பெருமையை ஆயுசுக்கும் என் காதில் போடாதே.

யோகேஸ்வரிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் கடலிலும் பத்திரமாக இருக்க அம்மன் துணை நிற்கட்டும், அவள் இன்னும் என் பேச்சைக் கேட்பாள் என்றால். உனக்கு உடம்பில் பலமும் நாக்கில் அடக்கமும் பெருக வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

மனம் உடைந்த அக்காள்,
பேச்சியம்மாள்.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், தலைவரும் வீரமுத்துவும் பல் போன கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்கள். அதனால் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். லாரி கொண்டுவராதே. மேட்டு வீட்டுப் பெண் ஒருத்தி, அம்மன் ஓடினதை அவள் வீட்டு மாடியிலிருந்து போனில் பிடித்து வைத்திருக்கிறாள். அத்தனை ஓட்டத்திலும் ரதத்து விளக்கு அணையவில்லையாம், ஒரு பூ உதிரவில்லையாம், பூசாரி முகத்தைத் தவிர எல்லாம் தெய்வீகமாக இருக்கிறதாம். பெர்மாஸ் ஜெயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் கேட்டுவருகிறார்களாம், அடுத்த வருஷம் அம்மன் எத்தனை மணிக்கு ஓடுவாள் என்று. என்னைத் திட்டிய அதே மேட்டு வீட்டுக்காரர்கள், ஜோகூரிலேயே எங்கள் மேட்டில்தான் அம்மன் ஓடுகிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கமிட்டி கூடி, இனி ஒவ்வொரு வருஷமும் மேட்டடியில் எல்லா வீட்டு அர்ச்சனையையும் முடித்துக்கொண்டு, பிறகு அம்மன் ஓடவேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். "அதுக்குத்தான் வீரமுத்து வண்டி இருக்கே"ன்னேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வீரமுத்து தலையைச் சொறிந்துகொண்டு, "ஓட்டிப் பார்த்தோம் பெரியம்மா. ஏறுது, ஆனா சத்தமே வரல. ஜனங்களுக்கு அந்த விசில் வேணுமாம். சந்திரமதியே சொல்லிட்டா லா, விசில் இல்லாட்டி எனக்குச் சாமி வராதுன்னு"ன்னான். சாவியைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொண்டுவந்திருந்தான். நான் உடனே எடுத்துவிடவில்லை. இரண்டு பேரும் கோப்பி குடித்து முடிக்கட்டும் என்று உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் எடுத்தேன்.

ஆகையால் மேலே எழுதியதில் உன்னைத் திட்டியதை மட்டும் வைத்துக்கொள், மற்றதையெல்லாம் அடித்துவிடு. ரூபேந்திரன் ஆ செங் கடைக்குப் போயிருக்கிறான், மெதுவாக ஓட்டாத ஜப்பான்காரன் வண்டி ஏதாவது இருக்கிறதா பார்க்க. இன்னொன்று, ரதத்துக்கு முன்னால் உபயக்காரர் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் வெள்ளிச் செம்பு ஏந்தி ஓடவேண்டும் என்றும் கமிட்டியில் எழுதிக்கொண்டார்கள். ரூபேந்திரன் வண்டியில் இருப்பான். மிச்சம் இருப்பது நீதான், பெயர் கொடுத்துவிட்டேன். உன் வயிற்றை நான் பார்த்திருக்கிறேன், அதனால் நாளைக் காலையிலிருந்தே ஜெட்டிவரை ஓடிப் பழகு. மேளக்காரர்களை முந்த வேண்டாம். வண்டிக்கு முன்னால் இருந்தால் போதும்.